அதிகாலை மூன்று மணிக்கு நின்றுபோன ஃபர்னஸ்: ஒரு ட்ராவல் ட்ரெய்லரின் பேட்டரி வழக்கு

டெக்சஸின் மேற்கு ஓரத்தில், ரியோ கிராண்டே ஆறு பெரிய வளைவு போட்டுத் திரும்பும் இடத்தில் பிக் பெண்ட் தேசியப் பூங்கா இருக்கிறது. ஆற்றுக்கு அந்தக் கரை மெக்சிகோ. பூங்காவுக்குள் காட்டன்வுட் என்று ஒரு சின்ன முகாம் உண்டு. அங்கே மின் இணைப்பு கிடையாது, ஜெனரேட்டர் ஓட்டவும் அனுமதி கிடையாது, அந்த அமைதிக்காகவே தேடிப் போகிறவர்கள் நிறைய. 2012-இல் சர்வதேச இருள்வான் பூங்கா என்று அங்கீகாரம் பெற்ற இடம் என்பதால் நிலா இல்லாத இரவில் வானத்தைப் பார்க்கவே பலர் வருவார்கள். அந்த வானத்தை நானும் நன்றாகவே பார்த்தேன், டிசம்பர் மாத அதிகாலை மூன்று மணிக்கு, கம்பளியைப் போர்த்திக்கொண்டு, ட்ரெய்லரின் பேட்டரிப் பெட்டிக்கு முன்னால் குந்தியபடி.

ஊரில் கேரவன் என்றால் நடிகர்கள் மேக்கப் போடும் வண்டிதான் நினைவுக்கு வரும். ட்ராவல் ட்ரெய்லர் அதற்குத் தூரத்துச் சொந்தம். எஞ்சின் கிடையாது, பிக்கப் வண்டியின் பின்னால் மாட்டி இழுத்துக்கொண்டு போக வேண்டும். எங்களுடையது 24 அடி, பழையதாக வாங்கியது, டாலஸ் பக்கம் வீட்டில் நிற்கும். உள்ளே அடுப்பு, ஃப்ரிட்ஜ், வெந்நீர்த் தொட்டி, குளிருக்கு உள்ளே சூடான காற்றை ஊத கேஸில் எரியும் ஃபர்னஸ் எல்லாம் உண்டு.

மின்சாரத்தைப் பொறுத்தவரை இதற்குள் இரண்டு வீடு இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒன்று 120 வோல்ட் ஏசி வீடு: வெளியிலிருந்து 30 ஆம்ப் வயர் வழியாக வரும் மின்சாரம், ஏர்கண்டிஷனர், மைக்ரோவேவ், சுவர் சாக்கெட், வெந்நீர்த் தொட்டியின் எலிமெண்ட். மற்றொன்று 12 வோல்ட் டிசி வீடு: விளக்கு, தண்ணீர் பம்ப், ஃபர்னஸின் காற்றாடி, ஃப்ரிட்ஜின் கட்டுப்பாட்டு போர்டு, கேஸ் கசிவைக் கண்டுபிடிக்கும் கருவி. இரண்டுக்கும் நடுவில் கன்வர்ட்டர் என்று ஒரு பெட்டி உட்கார்ந்திருக்கும். வெளி மின்சாரம் இருக்கும்போது 120-ஐ 12 வோல்ட் பக்கத்துக்கு மாற்றி, பேட்டரியையும் நிரப்புவது அதன் வேலை. மறு திசையில் அது எதுவும் செய்யாது, அதற்கு இன்வெர்ட்டர் வேண்டும், எங்களிடம் அது இல்லை.

அந்த இரவு

வெளியே செல்சியஸில் 4 டிகிரி இருக்கும். பையன்தான் முதலில் எழுந்தான். "அப்பா, குளிர்காத்து வருதுப்பா" என்றான். ஃபர்னஸ் ஓடிக்கொண்டுதான் இருந்தது, ஆனால் வந்தது வெறும் குளிர்ந்த காற்று, அதுவும் மூச்சு வாங்குவது போல இழுத்து இழுத்து.

இந்த அறிகுறியை மட்டும் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன், ஏனென்றால் பலர் இதைப் பார்த்ததும் கேஸ் தீர்ந்துவிட்டது என்று சிலிண்டரை மாற்றுவார்கள், நானும் அதைத்தான் முதலில் செய்தேன். ஃபர்னஸுக்குள் காற்றோட்டத்தில் அசைகிற ஒரு சின்னத் தகடு இருக்கிறது, செயில் ஸ்விட்ச் என்பார்கள். காற்றாடி போதிய வேகத்தில் சுற்றினால்தான் தகடு சாய்ந்து ஸ்விட்ச் மூடும், அதன் பிறகுதான் கேஸ் வால்வு திறக்கும், தீ பற்றும். வோல்ட்டேஜ் குறைந்தால் காற்றாடியின் வேகம் குறையும், தகடு சாயாது, தீயும் வராது. ஆனால் காற்றாடி மட்டும் 7, 8 ஆம்ப் இழுத்துக்கொண்டு சுற்றும், இருக்கிற கொஞ்சநஞ்ச சார்ஜையும் அதுவே குடித்துவிடும்.

டூல் பாக்ஸில் ஒரு மலிவு மல்ட்டிமீட்டர் கிடந்தது. ஃபர்னஸ் ஓடும்போதே பேட்டரியின் இரண்டு முனையிலும் வைத்துப் பார்த்தேன்: 10.4. எல்லாவற்றையும் அணைத்துவிட்டுக் காலையில் பார்த்தபோது 11.7. சாதாரண லெட்-ஆசிட் பேட்டரி எந்தச் சுமையும் இல்லாமல் சில மணி நேரம் ஓய்ந்த பிறகு 12.6 அல்லது 12.7 காட்டினால் நிறைந்திருக்கிறது என்று அர்த்தம். 12.2 என்றால் பாதி. 12.0 வந்தால் கால்வாசிதான் மிச்சம், 11.7-இல் கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை. முந்தின நாள் மாலை உள்ளே சுவரில் இருக்கும் பட்டனை அழுத்தியபோது நான்கில் மூன்று விளக்கு எரிந்தது, அதைப் பார்த்து நிம்மதியாகப் படுத்தவன் நான். அந்த விளக்குகளை இப்போது நான் சட்டை செய்வதே இல்லை.

காலையில் பிக்கப்பின் பேட்டரியிலிருந்து ஜம்பர் கேபிள் போட்டு ஒரு மணி நேரம் எஞ்சினை ஓடவிட்டேன். பின்னால் மாட்டும் ஏழு முனை பிளக் வழியாகவும் சார்ஜ் ஏறும்தான், ஆனால் அதன் வயர் மெலிசு, தூரம் அதிகம். தடித்த ஜம்பர் கேபிள் ஒரு மணி நேரத்தில் ஏற்றுவதை அது பல மணி நேரத்துக்கு ஏற்றிக்கொண்டிருக்கும். எப்படியோ இன்னொரு இரவை மூன்று கம்பளியோடு ஓட்டிவிட்டு ஒரு நாள் முன்னதாகவே கிளம்பிவிட்டோம்.

சொந்தக் காசில் வைத்துக்கொண்ட சூனியம்

வழியில் நண்பருக்கு போன் போட்டேன். "பாஸ், பேட்டரி போயிருக்கும், மாத்துங்க, வேற ஒண்ணும் இருக்காது" என்றார். வழியில் நிறுத்திய கடையிலும் அதையே சொன்னார்கள். பழைய பேட்டரியைச் சோதித்துப் பார்க்கலாமா என்று அவர்களும் கேட்கவில்லை, எனக்கும் தோன்றவில்லை. குரூப் 24 அளவில் ஒரு புதிய டீப் சைக்கிள் பேட்டரி (நிறைய வடித்து மறுபடி நிரப்பினாலும் தாங்கும் வகை) வாங்கினேன். பழையதைத் திருப்பிக் கொடுத்தால் 18 டாலர் கோர் சார்ஜ் திரும்ப வரும், ஆனால் அந்தக் குளிரில் கழற்ற மனமில்லாமல் அந்தப் பதினெட்டை விட்டுவிட்டேன். இந்தச் சோம்பேறித்தனம் பிறகு உதவியது.

வீட்டுக்கு வந்து மாட்டினேன். பேட்டரிக்கு வருவது இரண்டு வயர், ஒன்று கருப்பு, ஒன்று வெள்ளை. ஈரோட்டில் என் சித்தப்பா வீடுகளுக்கு வயரிங் செய்தவர், பள்ளி விடுமுறையில் அவரோடு போவேன். சிவப்பு ஃபேஸ், கருப்பு நியூட்ரல், பச்சை எர்த் என்று மண்டையில் ஆணி அடித்த மாதிரி பதிந்திருக்கிறது. கார் பேட்டரியிலும் கருப்பு என்றால் மைனஸ்தான். ஆக, கருப்பை மைனஸில் வைத்து, வெள்ளையை பிளஸில் தொட்டேன். வெல்டிங் பட்டறை மாதிரி ஒரு பொறி பறந்தது.

அமெரிக்க ட்ரெய்லர்களில் 12 வோல்ட் பக்கத்துக்கும் பெரும்பாலும் வீட்டு வயரிங் வழக்கத்தையே பின்பற்றுகிறார்கள். இங்கே வீடுகளில் கருப்பு உயிருள்ள வயர், வெள்ளை நியூட்ரல். அதே புத்தியில் ட்ரெய்லரில் கருப்பு பிளஸ், வெள்ளை மைனஸ். ஏழு முனை பிளக்கிலும் இதே கதைதான்: வெள்ளை கிரவுண்ட், கருப்பு சார்ஜ் வயர். நம் ஊரில் வயரிங் பழகியவனும் காரில் பழகியவனும் ஒரே மாதிரி மாட்டிக்கொள்ளும் இடம் இது. பழைய பேட்டரியைக் கழற்றும் முன் ஒரு போட்டோ எடுத்திருந்தாலோ, வெள்ளை வயர் எங்கே போகிறது என்று குனிந்து பார்த்திருந்தாலோ (அது நேராக இரும்புச் சட்டத்தில் போல்ட் போட்டு முறுக்கியிருந்தது) தப்பித்திருப்பேன்.

சரியாகத் திருப்பி மாட்டியதும் உள்ளே விளக்குகள் எரிந்தன. ஒன்றும் ஆகவில்லை என்று நினைத்துக்கொண்டேன். வெளி மின்சாரத்தை மாட்டி, அரை மணி கழித்துப் பேட்டரியில் மீட்டரை வைத்தால் 12.5. நியாயமாக 13.6-க்குக் குறையக் கூடாது. சார்ஜ் ஏறவே இல்லை.

இங்கேதான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். புதுப் பேட்டரி, புதுப் பிரச்சினை, பழைய பிரச்சினை என்னவென்றே இன்னும் தெரியாது. இனி எதையும் வாங்குவதில்லை, கழற்றுவதில்லை, முதலில் அளப்பது என்று முடிவு செய்தேன். மின்சாரம் வரும் வழியிலேயே நடந்து போவது, ஒவ்வொரு நிறுத்தத்திலும் மீட்டரை வைப்பது, எண்ணை எழுதிக்கொள்வது. பேட்டரி அந்த வழியின் கடைசி வீடு.

சுவரிலிருந்து ஆரம்பித்தேன்

உள்ளே போனதும் கண்ணில் பட்டது மைக்ரோவேவ். அதன் கடிகாரத்தில் எண்ணே இல்லை. 120 வோல்ட் உள்ளே வந்தால் அது குறைந்தபட்சம் கண்ணையாவது சிமிட்டும். கராஜுக்குப் போய்ப் பார்த்தால் சுவர் சாக்கெட்டின் ஜிஎஃப்சிஐ விழுந்திருந்தது. நம் ஊரில் இஎல்சிபி, ஆர்சிசிபி என்பார்களே, அந்த ஜாதிதான். போகிற மின்சாரமும் திரும்பி வருகிற மின்சாரமும் சுமார் 5 மில்லி ஆம்ப் வித்தியாசப்பட்டாலே துண்டித்துவிடும். மறுபடி அழுத்தினேன், எண்ணிப் பத்து விநாடியில் டக்.

அப்போதுதான் வயிற்றில் ஏதோ பிசைந்தது. பயணத்துக்கு முந்தின வியாழக்கிழமை மாலை இதே சாக்கெட்டில்தான் சார்ஜ் ஆகட்டும் என்று மாட்டிவிட்டு வீட்டுக்குள் போனேன். அதுவும் அன்றே விழுந்திருக்க வேண்டும். ஏன் கவனிக்கவில்லை? விளக்கு எரிந்தது, பேட்டரியில். ஃப்ரிட்ஜ் ஜில்லென்று இருந்தது, ஏனென்றால் அதை ஆட்டோவில் வைத்திருந்தேன், 120 இல்லை என்றதும் அது சத்தம் போடாமல் கேஸுக்கு மாறிக்கொண்டது. நல்ல வசதிதான், ஆனால் அந்த வசதியே விஷயத்தை மூடி மறைத்துவிட்டது. சனிக்கிழமை விடியற்காலை கிளம்பும் வரை ட்ரெய்லர் முழுக்கப் பேட்டரியைத்தான் குடித்துக்கொண்டிருந்தது, நான் சார்ஜ் ஏறுவதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

விழக் காரணம் என்ன? ட்ரெய்லரின் பேனலில் எல்லா பிரேக்கரையும் அணைத்துவிட்டு, ஜிஎஃப்சிஐயை அழுத்தி, ஒன்றொன்றாகப் போட்டேன். வெந்நீர்த் தொட்டியின் பிரேக்கரைப் போட்டதும் டக். ஒரு எச்சரிக்கை: பிரேக்கர் உயிருள்ள வயரை மட்டும்தான் துண்டிக்கும், நியூட்ரலைத் துண்டிக்காது. எல்லா பிரேக்கரும் அணைந்திருந்தும் ஜிஎஃப்சிஐ விழுந்தால், ட்ரெய்லருக்குள் எங்கோ நியூட்ரலும் கிரவுண்டும் ஒட்டிக்கொண்டிருக்கலாம். ட்ரெய்லருக்குள் அவை இரண்டும் தொடவே கூடாது, வீட்டின் பேனலிலோ முகாம் கம்பத்தின் பக்கமோதான் இணைந்திருக்க வேண்டும். எனக்கு அந்தத் தலைவலி இல்லை.

வெளி வயரைச் சுவரிலிருந்தே உருவிவிட்டு (இதில் மட்டும் அவசரம் கூடாது, 120 வோல்ட் விளையாட்டுக்கு இல்லை) தொட்டியின் மூடியைத் திறந்து எலிமெண்டை அளந்தேன். 1440 வாட் எலிமெண்ட், 120 வோல்ட் என்றால் இரண்டு முனைக்கு நடுவில் 10 ஓம் காட்ட வேண்டும், காட்டியது. ஒரு முனைக்கும் தொட்டியின் இரும்புக்கும் நடுவில் மீட்டர் எதையும் காட்டக் கூடாது. அது சுமார் 7000 ஓம் காட்டியது. 120-ஐ 7000-ஆல் வகுத்தால் 17 மில்லி ஆம்ப், 5-க்கே விழுகிற ஜிஎஃப்சிஐ சும்மா இருக்குமா? கதை எளிது: அதற்கு முந்தைய பயணம் முடிந்து தண்ணீரை வடித்தவன், தொட்டியின் வெளிப்பக்கம் மூலையில் இருக்கும் சின்ன ஸ்விட்சை அணைக்க மறந்திருக்கிறேன். தண்ணீர் இல்லாமல் சூடேறி எலிமெண்டின் மேல் உறை வெடித்திருக்கிறது. புது எலிமெண்ட் 20 டாலருக்குள் முடிந்தது.

முகாமில் மாட்டியிருந்தால் இது தெரிந்தே இருக்காது, நாங்கள் வழக்கமாக மாட்டும் 30 ஆம்ப் கம்பங்கள் சாதா பிரேக்கர்தான், 17 மில்லி ஆம்ப் கசிவெல்லாம் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. "வீட்டில் மட்டும் விழுகிறது, அப்படியென்றால் வீட்டு சாக்கெட்தான் கோளாறு" என்று சிலர் ஜிஎஃப்சிஐ இல்லாத சாக்கெட்டைத் தேடிப் போவார்கள், இன்னும் சிலர் அடாப்டரின் கிரவுண்ட் முனையையே வெட்டிவிடுவார்கள். அந்தக் கிரவுண்ட் போய்விட்டால் கசிகிற மின்சாரத்துக்கு வழி இல்லை, ட்ரெய்லரின் உடம்பு முழுக்க மின்சாரம் ஏறி நிற்கும். ஈரமான புல்லில் செருப்பில்லாமல் நின்றுகொண்டு கதவின் கைப்பிடியைத் தொடுகிற குழந்தைதான் அப்புறம் அதற்கு வழி. ஜிஎஃப்சிஐ விழுந்தால் திட்டாமல் காரணத்தைத் தேடுங்கள்.

பத்து டாலர் ஃப்யூஸ்

வெந்நீர்த் தொட்டியின் பிரேக்கரை அணைத்துவிட்டதால் இப்போது 120 உள்ளே நிற்கிறது, மைக்ரோவேவ் கண்ணைச் சிமிட்டுகிறது. ஆனால் பேட்டரியில் இன்னும் 12.5-தான். சோதிக்க பேட்டரி வயரைக் கழற்றினேன், ட்ரெய்லர் முழுக்க இருட்டு. கன்வர்ட்டரின் சொந்த வெளி முனையில் மீட்டரை வைத்தால் 13.6 அழகாக நிற்கிறது. அதாவது கன்வர்ட்டர் ஆரோக்கியம், ஆனால் அதற்கும் 12 வோல்ட் போர்டுக்கும் நடுவில் வழி அடைபட்டிருக்கிறது.

ஃப்யூஸ் பலகையின் ஓரத்தில் மற்றவற்றிலிருந்து தள்ளி இரண்டு பெரிய 40 ஆம்ப் ஃப்யூஸ் இருக்கும், ரிவர்ஸ் போலாரிட்டி ஃப்யூஸ் என்று பக்கத்திலேயே எழுதியிருப்பார்கள். பேட்டரியைத் தலைகீழாக மாட்டும் புத்திசாலிகளிடமிருந்து கன்வர்ட்டரைக் காப்பாற்றத்தான் அவை. இரண்டும் கருகியிருந்தன. எந்த விளக்குக்கும் எந்த சாக்கெட்டுக்கும் உரியவை இல்லை என்பதால் ஃப்யூஸ் பார்க்கிறேன் என்று போகிறவர்கள் இந்த இரண்டையும் விட்டுவிடுவார்கள். பத்து டாலரில் முடிய வேண்டிய இதற்காகக் கன்வர்ட்டரையே மாற்றியவர்கள் உண்டு. புது ஃப்யூஸ் போட்டேன், பேட்டரி முனையில் 13.4 வந்தது.

13.6 வரவில்லையே என்பதை அப்போது கவனித்துக் குறித்து வைத்தேன். அந்த 0.2 வோல்ட்தான் அடுத்த கதவைத் திறந்தது.

சுமை கொடுத்தால்தான் வாய் திறக்கும்

வெளி மின்சாரத்தை உருவிவிட்டு ஃபர்னஸைப் போட்டேன். பேட்டரி முனையில் 12.4. ஓடி வந்து உள்ளே ஃப்யூஸ் பலகையில் வைத்தால் 10.9! ஒரே கம்பியின் இரண்டு முனைகள், நடுவில் ஒன்றரை வோல்ட்டைக் காணோம். ஃபர்னஸை அணைத்தால் இரண்டு இடத்திலும் 12.5, சமர்த்தாக. வயரும் போல்ட்டும் கெட்டுப்போயிருந்தால் சும்மா இருக்கும்போது அளந்து எந்தப் பயனும் இல்லை. மின்சாரம் ஓடும்போதுதான் அவை தம் குணத்தைக் காட்டும்.

காணாமல் போனதைத் தேடும் முறை எனக்கு ரொம்பப் பிடித்தது. ஃபர்னஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே, மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் பிளஸில் வைத்து, மற்றதை அதே பிளஸ் வயரின் வழியில் அடுத்தடுத்த இணைப்புகளில் வைத்துக்கொண்டே போக வேண்டும். நல்ல வழி என்றால் பூஜ்யத்துக்குப் பக்கத்திலேயே காட்டும். பேட்டரிக்கு ஓரடி தள்ளி, சட்டத்தில் திருகியிருந்த ஒரு சின்ன உலோகப் பெட்டியைத் தாண்டியதும் 0.9 வோல்ட் குதித்தது. அது தானாக மீண்டும் மூடிக்கொள்ளும் வகை பிரேக்கர், கட்டை விரல் அளவுதான், அதன் செப்பு முனைகளில் பச்சையும் வெள்ளையுமாகப் பூஞ்சை பிடித்த மாதிரி அரிப்பு. தொட்டுப் பார்த்தேன், சுட்டது. சுடாமல் என்ன செய்யும், 0.9 வோல்ட்டை ஏழரை ஆம்ப்பால் பெருக்கினால் கிட்டத்தட்ட 7 வாட், அத்தனையும் அந்தக் கட்டை விரலுக்குள்.

மீதி 0.6 மைனஸ் பக்கம். பேட்டரி மைனஸிலிருந்து சட்டத்தின் சுரண்டிய இடத்துக்கு வைத்தேன், 0.6 முழுசாக அங்கேயே இருந்தது. வெள்ளை வயரைச் சட்டத்தோடு சேர்க்கும் போல்ட்டின் அடியில் ஒரு பக்கம் பெயிண்ட், மறு பக்கம் துரு, நடுவில் கொஞ்சூண்டு இரும்பு தொட்டுக்கொண்டிருந்தது. ஏழு முனை பிளக்கின் வெள்ளை வயரும் அதே போல்ட்டில்தான் வந்து சேர்ந்திருந்தது. அதனால் பிக்கப்பிலிருந்து வரும் சார்ஜும் அந்தத் துருவைத் தாண்டித்தான் திரும்ப வேண்டும். எஞ்சினை ஓடவிட்டு, வயரைக் கவ்விக்கொண்டு ஆம்ப் காட்டும் கிளாம்ப் மீட்டர் போட்டுப் பார்த்தால் பேட்டரிக்குள் போவது வெறும் 3 ஆம்ப்.

இன்னொன்றும் இதில் ஒளிந்திருக்கிறது. கன்வர்ட்டர் தன் வாசலில் இருக்கும் வோல்ட்டேஜைத்தான் பார்க்கும், பேட்டரியின் வாசலை அது பார்ப்பதில்லை. நடுவில் இத்தனை தடை இருந்தால் தன் பக்கம் சீக்கிரமே 13.6 ஏறிவிடும், வேலை முடிந்த மாதிரி அது ஓய்ந்துவிடும், பேட்டரிக்கோ சொட்டுச் சொட்டாகத்தான் போகும். நல்ல கன்வர்ட்டர், நல்ல பேட்டரி, இரண்டும் பேசிக்கொள்ள முடியாமல் போன நிலை.

பிரேக்கரை மாற்றினேன், போல்ட்டைக் கழற்றி இரும்பு பளபளக்கும் வரை தேய்த்து, பல் வாஷர் போட்டு முறுக்கி, மேலே பெயிண்ட் அடித்தேன். மறுபடி ஃபர்னஸ்: பேட்டரியில் 12.4, பலகையில் 12.2. பிக்கப்பிலிருந்து 9 ஆம்ப்.

டிக்கிக்குள் ஒரு விளக்கு

இதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் சும்மா நிற்கும் ட்ரெய்லர் எவ்வளவு இழுக்கிறது என்று பார்க்காமல் கணக்கு முடியாது என்று தோன்றியது. ஃப்ரிட்ஜ் உட்பட எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, பேட்டரியின் மைனஸ் வயரைக் கழற்றி நடுவில் மீட்டரை 10 ஆம்ப் துளையில் வைத்தேன். (அந்த நேரத்தில் யாரும் ஃபர்னஸையோ ட்ரெய்லரின் முன்புறத்தைத் தூக்கும் மின் ஜாக்கையோ தொடக் கூடாது, தொட்டால் மீட்டரின் ஃப்யூஸ் போய்விடும்.) 1.8 ஆம்ப். எதுவுமே ஓடாதபோது!

ஃப்யூஸை ஒவ்வொன்றாக உருவினேன். கேஸ் கசிவுக் கருவி, ஸ்டீரியோவின் நினைவு, டிவி ஆன்டெனா பூஸ்டர் எல்லாம் சேர்ந்து 0.4 போயின. மிச்சம் 1.4 எங்கே என்று உள்விளக்குகளின் ஃப்யூஸை உருவியதும் மீட்டர் விழுந்தது. ஆனால் உள்ளே எந்த விளக்கும் எரியவில்லை. வெளியே வந்து முன்பக்கச் சாமான் அறையைத் திறந்தால், மடக்கு நாற்காலிகளுக்குப் பின்னால், ஒரு பழைய குமிழ் பல்பு மஞ்சளாக எரிந்துகொண்டிருந்தது. நாற்காலியின் கால் ஒன்று அதன் ஸ்விட்சை அழுத்தியபடி நின்றது, வெள்ளிக்கிழமை மாலை நானே அடுக்கிய நாற்காலி. 1.4 ஆம்ப் என்பது ஒரு நாளைக்கு 34 ஆம்ப்-மணி, குரூப் 24 பேட்டரியில் உருப்படியாக எடுக்கக்கூடியதில் கிட்டத்தட்ட முழுவதும்.

பேட்டரி துண்டிப்பு ஸ்விட்ச் இருக்கிறதே என்று கேட்பீர்கள். அதை நம்பி இருந்துவிடாதீர்கள். பல ட்ரெய்லர்களில் கேஸ் கருவி, மின் ஜாக், ட்ரெய்லர் கழன்றுவிட்டால் பிரேக்கைப் பிடிக்கும் பிரேக்அவே ஸ்விட்ச் எல்லாம் அதைச் சுற்றி நேராகப் பேட்டரிக்கே போகும். அதிலும் பிரேக்அவே ஊசி தற்செயலாக உருவப்பட்டால் பிரேக்குகள் முழு வேகத்தில் பேட்டரியை உறிஞ்சும், ட்ரெய்லரும் நகராது.

இப்போது கணக்கு

பழைய பேட்டரி சுமார் 80 ஆம்ப்-மணி. வியாழன் மாலை அது நிறைந்திருந்தது என்றே வைத்துக்கொள்வோம். சனி விடியல் வரை ஒன்றரை நாள், ஃப்ரிட்ஜ் போர்டும் அதன் கதவு ஓரம் வியர்க்காமல் இருக்க வைத்திருக்கும் சின்ன ஹீட்டரும் 1 ஆம்ப், அதோடு அந்த 0.4. ஐம்பது போயிற்று. வெள்ளி மாலையிலிருந்து நாற்காலியின் உபயத்தில் இன்னும் 1.4. சாலையில் பத்து மணி நேரத்துக்கு மேல் ஓட்டினோம். பிக்கப் 3 ஆம்ப் கொடுத்தது, ட்ரெய்லர் 2.8 தின்றது, கைக்கும் வாய்க்கும் சரி. ஆக முகாமில் போய் நிறுத்தியபோது பதினைந்து சொச்சம்தான் இருந்திருக்கும். அதற்கு மேல் ஃபர்னஸ். மூன்று மணி வரை தாங்கியதே பெரிய விஷயம்.

ஆனால் எனக்கு உறைத்தது இதற்கு அடுத்த கணக்கு. எல்லாக் கோளாறும் சரியாகி, நிறைந்த பேட்டரியோடு அதே இடத்துக்குப் போகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஃபர்னஸ் இரவில் நான்கு மணி நேரம் ஓடினால் 30. ஃப்ரிட்ஜ் நாள் முழுக்க 24. சில்லறை 0.4 ஆம்ப் நாளுக்கு 10. விளக்கு, பம்ப் 5. மொத்தம் 69. லெட்-ஆசிட் பேட்டரியைப் பாதிக்குக் கீழே அடிக்கடி இறக்கினால் ஆயுள் குறையும், அதாவது 80-இல் 40-தான் நம் கையில். எந்தக் கோளாறும் இல்லாத ட்ரெய்லரே அந்தக் குளிரில் ஒரு இரவைத் தாண்டாது! எல்லாவற்றையும் கஷ்டப்பட்டுச் சரி செய்துவிட்டு மறுபடி அதே மூன்று மணிக்குக் குந்தியிருப்பேன், இம்முறை யார் மேல் பழி போடுவது என்றே தெரியாமல்.

அதனால் கோல்ஃப் வண்டிக்குப் போடும் 6 வோல்ட் பேட்டரி இரண்டை வரிசையாக இணைத்தேன், சேர்ந்து 12 வோல்ட், சுமார் 220 ஆம்ப்-மணி. ஒவ்வொன்றும் 28 கிலோ, ட்ரெய்லரின் மூக்கில் அந்த எடை ஏறுவதைக் கணக்கில் எடுக்க வேண்டும். கூடவே 200 வாட் சோலார். குளிர்காலத்தில், படுக்க வைத்த பலகையில் நல்ல வெயில் நாளில் 40-லிருந்து 50 வரை கிடைக்கிறது. ஃப்ரிட்ஜின் வியர்வை ஹீட்டரை அணைத்துவிட்டேன், டெக்சஸ் மேற்கின் வறண்ட காற்றுக்கு அது தேவையே இல்லை.

லித்தியம் ஏன் போடவில்லை என்று எல்லோரும் கேட்டார்கள். மாதம் இரண்டு தடவை மின் இணைப்பில்லாத இடத்துக்குப் போகிறவர் என்றால் கண்ணை மூடிக்கொண்டு போடலாம். நாங்கள் வருஷத்துக்கு நான்கு பயணம் போகிறவர்கள். பூஜ்யம் டிகிரிக்குக் கீழே அதைச் சார்ஜ் செய்யக் கூடாது, எங்கள் பழைய கன்வர்ட்டரும் அதற்கு ஏற்றதில்லை. இன்னொன்று, லித்தியம் அயர்ன் பாஸ்பேட் கடைசி வரை 13-ஐச் சுற்றியே நிற்கும், வோல்ட் மீட்டரை வைத்துக்கொண்டு எவ்வளவு மிச்சம் என்று சொல்ல முடியாது, உள்ளே போகிற, வெளியே வருகிற ஆம்ப்பைக் கணக்கு வைக்கும் ஷன்ட் மீட்டர் தனியாக வாங்க வேண்டும். இந்தக் கதையில் பெரும்பாலும் எனக்குத் துணையாக நின்றது அந்த மலிவு மல்ட்டிமீட்டர்தான், அதை விட மனசில்லை.

பிப்ரவரியில் மறுபடி காட்டன்வுட் போனோம், மூன்று இரவு. ஒவ்வொரு காலையும் சூரியன் மலைக்கு மேலே வருவதற்குள் அளந்தேன்: 12.5, 12.4, 12.4. ஃபர்னஸ் இரவு முழுக்கத் தேவைக்குப் பற்றி அணைந்தது. பையன் ஒரு தடவைகூட எழவில்லை, ஹவெலினா என்று அங்கே சுற்றும் பன்றி மாதிரியான ஜந்துக் கூட்டம் எங்கள் மேஜைக்கு அடியில் வந்து போனதையும் தவறவிட்டான்.

கருப்பு வயரில் பேட்டரிப் பக்கம் நான்கு சுற்று சிவப்பு டேப் ஒட்டியிருக்கிறேன். சாமான் அறை பல்பைக் கழற்றிவிட்டேன், டார்ச் இருக்கிறது. பழைய பேட்டரியை நிதானமாக இரண்டு நாள் சார்ஜ் செய்து, ஒரு இரவு ஓய விட்டு அளந்தேன், 12.6. சுமை சோதனையிலும் தேறியது. இப்போது கராஜில் டயருக்குக் காற்றடிக்கும் பம்பை ஓட்டிக்கொண்டிருக்கிறது, அந்தப் பதினெட்டு டாலர் இன்னும் கடையில்தான் இருக்கிறது.